ரிஷியின் இடது கால்

சபாபதி மாஸ்டர் கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டபோது ஆட்டம் நடக்கும் மண்டபத்தின் உடைமாற்றும் அறைக்குள் இருந்தவர்கள்:

சபாபதி மாஸ்டர். கிள்ளான் கபடி அணியின் பயிற்சியாளர். துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். லோரியை விட்டுவிட்டார், ஹாரன் அடிக்கும் குரலை விடவில்லை.

தம்புசாமி. அணித் தலைவன். மேரு ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவன். அவன் பிடித்த கணுக்கால் தப்பிப் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சுகுமாறன். மாற்று ரெய்டர். ஆட்டத்தை விட அவன் வாய் வேகம்.

விஷ்ணுப்ரியா. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்ப்பவள். அன்று காலைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து இறங்கினாள்.

ரிஷி. அணியின் முதல் ரெய்டர். எதிர்ப்பக்கம் பாடிப் போவதில் முதல் ஆள்.

இன்னும் ஆறு ஆட்டக்காரர்கள். அவர்கள் பெயர் இந்தக் கதைக்குத் தேவைப்படாது.

சுவரில் ஒரு முருகன் படம். வாசற்படியில் குங்குமம் தடவி நசுக்கிய எலுமிச்சம்பழம்.

இத்தனை பேரில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த செய்தி ஒன்று இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் ரிஷியின் இடது காலில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றது. அது தெரிந்த ஒருவன் ரிஷிதான்.

கணுக்கால் எலும்பில் கீறல் விழுந்து மாவுக்கட்டுப் போட்டது எல்லோருக்கும் தெரியும். கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தபோது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகிப் போனது அணியில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் தன் விரலை ரிஷியின் கெண்டைக்காலில் வைத்து, முழங்கால், தொடை, இடுப்பு, வயிறு என்று மேலே இழுத்துக்கொண்டே போய் நெஞ்சில் நிறுத்தினார். "இங்க வந்து அடைச்சா ஆள் போயிடுவ" என்றார். அவ்வளவுதான் விளக்கம். ரிஷிக்கு அது போதுமானதாக இருந்தது.

ரத்தத்தை இளக்க மாத்திரை கொடுத்தார்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான சாக்ஸ் ஒன்றும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும்வரை கபடி கூடாது, ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ரிஷி அணியில் டெங்கி என்று சொல்லிவிட்டான். இந்த ஊரில் டெங்கி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எல்லார் வீட்டிலும் யாருக்காவது வந்திருக்கும். மாஸ்டர் பப்பாளி இலையை அரைத்துச் சாறு பிழிந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்தார். ரிஷி அவர் எதிரிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

பிறகு பயிற்சிக்குத் திரும்பினான். ஒவ்வொரு பிடிக்கும் உடம்பு கன்றிக் கறுத்துப்போனது. மாத்திரையால்தான் அப்படி என்று தெரிந்ததும் அதை நிறுத்தினான். ஸ்கேனுக்குப் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள்.

ஏனென்றால் இந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். ரிஷிக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த முறை அவர்கள் வரும்போது அவன் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது. பகலெல்லாம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் கபடி மெத்தையில் புரண்டது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

அன்று காலை அரையிறுதி கூடுதல் நேரம்வரை இழுத்தது. ஜெயித்தார்கள். ஜெயித்து வெளியே வந்தபோது ரிஷியின் இடது கெண்டைக்காலில் ஒரு வலி இருந்தது. தசைப்பிடிப்பாக இருக்கலாம். அல்லது எட்டு மாதத்துக்கு முன் வந்த பழைய ஆளாக இருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிதான் வலிக்கும். இறுதி ஆட்டம் சாயங்காலம்.

அதுவரை அறை திறக்காது. அது மாஸ்டரின் சட்டம். ஒரு வருஷம் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய ரெய்டர் ஒருத்தன் மாமனார் வீட்டாரோடு போய் ரோஜாக் சாப்பிட்டுவிட்டு வந்தான். ஆட்டம் முழுக்கக் கழிவறையில் இருந்தான். அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டால் உள்ளே இருப்பவன் உள்ளே. போன்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில். வெளியே போகிறவன் போகலாம், திரும்ப வரமுடியாது, அன்றைக்கு ஆடவும் முடியாது. பூட்டிய பிறகு அடி, ரத்தம், ஆஸ்பத்திரி என்ற சொற்களும் அங்கே வாயில் வரக்கூடாது. வந்தால் நடந்துவிடும் என்பது மாஸ்டரின் நம்பிக்கை. அணியில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

விஷ்ணுப்ரியா பெட்டியைத் திறந்தாள். அகலமான கறுப்புப் பட்டைகள், ரப்பர் குழாய், கையால் அமுக்கும் பந்து, முள் வைத்த மீட்டர். பிரஷர் பார்க்கும் பட்டையைத் தொடைக்குத் தைத்த மாதிரி இருந்தது. முழங்கால் வலிக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸ் போன மாஸ்டர் அங்கே ஒரு சைக்கிள் பந்தயக்காரனுக்கு அதைக் கட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"தொடைக்கு மேல கட்டிக் காத்து அடிப்பேன்" என்றாள். "கொஞ்ச நேரம் கீழ ஓட்டம் குறையும். அப்புறம் திறந்துவிடுவேன். அணையை மூடித் திறக்கிற மாதிரி ஒரே வேகமா இறங்கும். அப்படி ரெண்டு மூணு தடவை. காலு சீக்கிரம் தெளியும்னு செய்யுறதுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது."

"எங்க தாமான் வீடுங்கள்ல வர்ற வெள்ளம் மாதிரின்னு சொல்லுங்க அக்கா" என்றான் சுகுமாறன். "திறந்துவிட்டா சோபாவெல்லாம் மிதக்கும்."

"வாய மூடு லா" என்றான் தம்புசாமி.

"போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். யாருக்காச்சும் காலுல ரத்தம்..."

"ம்மா." மாஸ்டர் கையைத் தூக்கினார். "அந்த வார்த்தை இந்த ரூம்ல வேணாம்."

"அங்கிள், இத கேக்காம நான் போடக்கூடாது."

"கேக்க வேணாம்னு சொல்லல. வேற மாதிரி கேளும்மா. நல்ல நாளு."

விஷ்ணுப்ரியா அவரைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். விருந்தாளி வீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதுபோல் கட்டுப்பட்டாள். "சரி. யாருக்காச்சும் காலுல முன்னாடி பெரிய பிரச்னை எதுவும் வந்திருக்கா? இருந்தா கைய தூக்குங்க."

சுகுமாறன் தூக்கினான். "என் காலுக்கு ஒரே பிரச்னைதான் அக்கா. மாஸ்டர் அத மெத்தைக்குள்ளயே விடமாட்டேங்கறாரு."

அறை சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். ரிஷியும் சிரித்தான். அவன் கை முழங்கால் மேலேயே இருந்தது.

பட்டைகள் இரண்டு ஜோடி. இரண்டிரண்டு பேராகப் பெஞ்சில் கால் நீட்டினார்கள். முதலில் தம்புசாமி. காற்று ஏறியதும் அவன் முகம் மாறியது. "அலாமா, இது என் காலே இல்லடா. யாரோடதோ" என்றான். பாதம் மெல்லக் கருஞ்சிவப்பானது. அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நகத்தை அமுக்கிப் பார்த்தாள். திறந்துவிட்டபோது தம்புசாமி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"வெந்நி ஊத்துன மாதிரி இருக்கு."

"ஒண்ணுக்குப் போயிட்டியா பாரு" என்றான் சுகுமாறன்.

ரிஷி மூலையில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டான். தின்னவில்லை. அவனுக்கு முன்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். ஒருவன் எழுந்தான், அடுத்தவன் உட்கார்ந்தான். யாரும் பார்க்காதபோது இடது பாதத்தை மேல்நோக்கி மடக்கிக் கெண்டைக்காலை அமுக்கினான். உள்ளே ஏதோ ஒன்று பல்லைக் கடித்தது. வலது காலை அமுக்கினான். அது வெறும் களைப்பு. மறுபடி இடது. களைப்பு என்று அதைச் சொல்ல முடியவில்லை.

வெளியே மண்டபத்தில் ஒலிபெருக்கி மலாயில் ஏதோ அறிவித்தது. விசில் ஊதியது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் தொடங்கிவிட்டது. அதற்கு அடுத்தது இவர்கள்.

"ரிஷி. வா" என்றார் மாஸ்டர்.

"எனக்கு வேணாம் மாஸ்டர். காலு நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா? எழுந்திரு. உக்காந்து எந்திரி, பாப்போம்."

அவன் எழுந்தான். உட்கார்ந்தான். எழும்போது இடது கால் ஆடியது. சுவரைப் பிடித்தான். பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"யார்கிட்டடா கதை விடுற?" மாஸ்டர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். "காலையில இருபது ரெய்டு போன ஆளு நீ. இந்தக் கால வச்சிக்கிட்டு போனஸ் கோட்டக்கூட தொடமாட்ட. போட்டுக்க. இல்லாட்டி சுகு முதல்ல எறங்குவான். நீ பெஞ்ச்ல உக்காரு."

சுகுமாறன் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அன்று முதல்முறையாக அவன் வாய் சும்மா இருந்தது. தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

ரிஷி போய்ப் பெஞ்சில் கால் நீட்டினான்.

விஷ்ணுப்ரியா வலது தொடையில் பட்டையைக் கட்டினாள். இடது பக்கம் வந்தாள். பட்டையைத் தொடைக்கு அடியில் விட்டு இழுக்கும்போது அவள் கை நின்றது. ரிஷிக்கு அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. இடது முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் ஒரு வளையம். மோதிரம் கழற்றிய விரலில் இருப்பதுபோல். அந்த வளையத்துக்குக் கீழே முடி இல்லை. கணுக்காலைச் சுற்றித் தோல் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் கறுத்துக் கிடந்தது. அவள் வலது காலைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

அவள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி வேலை பார்த்தவள். அந்த வேலை பிடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு அந்தச் சாக்ஸை மாட்டி மாட்டியே அவளுக்கு விரல் வலி வந்திருந்தது.

குனிந்து குழாயைச் சரி செய்வதுபோல் மெதுவாகக் கேட்டாள். "இந்தக் கால்ல சாக்ஸ் போடுவீங்களா? முட்டி வரைக்கும், டைட்டா?"

"ஃபுட்பால் சாக்ஸ்."

"ஒரு காலுக்கு மட்டுமா?"

ரிஷி காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டான்.

"மாத்திரை?"

"முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சதா, நிறுத்தினீங்களா?"

"அக்கா, ப்ளீஸ் லா. ஒரு ஆட்டம். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு."

"இப்ப வலிக்குதா?"

அவன் சுவரைப் பார்த்தான். முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் பரிந்து பேசாமல் நின்றார்.

"என்னம்மா ரகசியம்?" மாஸ்டர் அங்கிருந்து கேட்டார். "கல்யாணப் பேச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். விஷ்ணுப்ரியா நிமிர்ந்தாள். ரிஷி அவளைப் பார்த்துத் தலையை மிகக் கொஞ்சமாக, ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாதபடி அசைத்தான். கெஞ்சல் மட்டும் அதில் தெளிவாக இருந்தது. சொல்லிவிட்டால் பத்துப் பேர் முன்னால் அவன் பொய்யன். அது அவளுக்கும் புரிந்தது. அவள் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு தப்பான காரியம் செய்தாள்.

"பட்டையில காத்து நிக்கல அங்கிள். லீக்காவுது" என்றாள். "இவருக்கு வேணாம். காலத் தூக்கி வச்சு ஐஸ் போட்டா போதும்."

வலது தொடையிலிருந்த பட்டையையும் கழற்றினாள். குனிந்து, ரிஷிக்கு மட்டும் கேட்கும்படி, "மாஸ்டரத் தனியாக் கூப்பிட்டு நீங்களே சொல்லணும். ஆட்டத்துக்கு முன்னாடி. இல்லாட்டி நான் சொல்லுவேன்" என்றாள்.

ரிஷி தலையாட்டினான். சொல்லுகிற எண்ணம் அவனுக்கு இல்லை. ஐஸ் வைத்துக்கொள்வது, ஆடுவது, ஆடி முடித்ததும் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது. இடைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஆகாது. எட்டு மாதம் ஆகாதது இன்றைக்கா ஆகப்போகிறது? மனசுக்குள் எல்லாம் வரிசையாக அடங்கியது.

"லீக்குனா என்ன மிஸ், அது ஒரு விஷயமே இல்ல" என்றான் தம்புசாமி. "நம்மகிட்ட டியூப் இருக்கு."

தன் பையைக் கவிழ்த்தான். கறுப்பாகச் சுருண்டு விழுந்தது லோரி டயரின் உள் டியூப். மூன்று விரல் அகலத்துக்கு நீளநீளமாக அறுத்து வைத்திருந்தான். டயர் கடைக்காரன் தலைவனாக இருக்கும் அணி. தசைப்பிடிப்பு என்றால் இவர்கள் தைலத்துக்கு முன் டியூபைத்தான் தேடுவார்கள். பயிற்சி முடிந்து சுற்றிக் கட்டி, கால் மரத்துப்போகும்வரை வைத்திருந்து, உருவி எடுப்பார்கள். பளு தூக்கும் ஆட்கள் யாரோ பழக்கிவிட்டது.

"வேணாம்" என்றாள் விஷ்ணுப்ரியா. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"ஏன் வேணாம்? நீங்க பண்ணதும் இதானே? மூடணும், திறக்கணும்."

"அதுக்கு அளவு இருக்கு. மீட்டர் பாத்துத்தான்..."

"என் கைதான் மீட்டரு." தம்புசாமி பெஞ்சின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி ரிஷியின் இடது காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டான். "இந்தக் காலுதானே மக்கர் பண்ணுது? கீழேர்ந்து வரேன் பாரு. எல்லாத்தையும் பிதுக்கி மேல ஏத்திடலாம்."

கணுக்காலுக்கு மேல் முதல் சுற்று விழுந்தது. ரப்பர் இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டாவது சுற்று முதல் சுற்றின் பாதியை மூடிக்கொண்டு ஏறியது. தம்புசாமி நல்லவன். அவன் செய்யும் எதையும் அரைகுறையாகச் செய்தது கிடையாது. உடம்பு எடையைப் பின்னால் சாய்த்து இழுத்து இழுத்துச் சுற்றினான்.

ரிஷி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது சுற்று. வலிக்கும் இடத்தின் அடிவாரத்துக்கு டியூப் வந்துவிட்டது. டாக்டரின் விரல் நினைவுக்கு வந்தது. கெண்டைக்காலில் தொடங்கி முழங்கால், தொடை, இடுப்பு. அந்த விரல் போன வழியிலேயே தம்புசாமியின் கை வந்துகொண்டிருந்தது. எல்லாத்தையும் பிதுக்கி மேல ஏத்திடலாம். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இன்னும் இரண்டு சுற்று பொறுத்துக்கொண்டால் என்ன? பொறுத்துக்கொள்ளலாம். வலி ஒரு பொருட்டில்லை. எத்தனை பேர் மேலே விழுந்து அமுக்கியிருக்கிறார்கள். மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டே கோட்டைத் தொட்டவன். இங்கேயும் மூச்சைப் பிடித்தான். நெஞ்சு இடித்தது. பயத்திலா, அல்லது வந்துவிட்டதா? அது தெரியாததுதான் தாங்கவில்லை. சாவது என்றால் இப்படித்தான் தொடங்குமா, நாசி லெமாக் வாடையோடு, டயர் டியூப் காலைச் சுற்றிக்கொண்டு?

விஷ்ணுப்ரியா தம்புசாமியின் தோளில் கை வைத்தாள். அவன் உதறினான். அவள் மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினாள். வாயைத் திறந்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று ரிஷிக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொன்னால் அவன் மாட்டிக்கொண்டவன் ஆவான், தானே சொன்னால் ஒத்துக்கொண்டவன். நான்காவது சுற்றுக்குத் தம்புசாமி கையை ஓங்கினான்.

"தம்பு, கழட்டு" என்றான் ரிஷி.

"இருடா, இப்பத்தான் புடிமானம் கெடச்சிருக்கு."

"கழட்டுடா!" அந்தக் கத்தலில் வாளியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "இந்தக் கால்ல எனக்கு ரத்தம் கட்டியிருந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்தேன். டெங்கி இல்ல."

தம்புசாமியின் கை அப்படியே நின்றது. டியூபின் மறுமுனை அவன் முஷ்டியில் விறைத்து நின்றது.

"மெதுவா" என்றாள் விஷ்ணுப்ரியா. "அமுக்காதீங்க, தேய்க்காதீங்க. அப்படியே பிரிங்க."

தம்புசாமி பிரித்தான். பிடித்தால் விடாத அந்த விரல்கள் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தன. தோலில் டியூபின் தடம் மூன்று அடுக்காகப் பதிந்திருந்தது.

வெளியே கூட்டம் ஆரவாரம் செய்தது. யாரோ யாரையோ பிடித்துவிட்டார்கள். சொல்லக்கூடாத சொற்களில் இரண்டை ஒரே மூச்சில் சொல்லியாகிவிட்டது. எலுமிச்சம்பழம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மாஸ்டர் எழுந்து வந்தார். காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"பப்பாளி எலைச் சாறு கொண்டாந்தேனேடா."

"ஆமா மாஸ்டர்."

"குடிச்சியே."

"குடிச்சேன்."

"நாலு வீடு ஏறி எறங்கி அந்த எலையப் பறிச்சேன். ஒருத்தன் நாய அவுத்து விட்டான்." யாரும் சிரிக்கவில்லை. "இப்ப வலிக்குதா?"

"வலிக்குது. அதே எடம்."

"எப்பலேர்ந்து?"

"காலையில. ரெண்டாவது பாதியிலேர்ந்து."

"அப்புறமும் பாடிப் போன."

"போனேன்."

மாஸ்டர் சங்கிலியைக் கையில் எடுத்தார். சாவி அதில் ஆடியது. ரிஷி பெஞ்சிலிருந்து முன்னால் சாய்ந்தான். "மாஸ்டர், நான் ஓடல, சும்மா கோர்ட்டுக்குள்ள நிக்கிறேன். கடைசில ஒரே ஒரு ரெய்டு. அவங்க பாத்தாப் போதும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுறேன். சத்தியமா."

"நீ மெத்தையில விழுந்து எந்திரிக்காமப் போனா உங்கம்மாகிட்ட யாருடா போய்ச் சொல்றது? நானா? அப்பவும் டெங்கின்னு சொல்லவா?"

ரிஷி சங்கிலியில் ஆடும் சாவியைப் பார்த்தான்.

"ஜெர்சியக் கழட்டு."

கழற்றினான். வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மடித்துப் பெஞ்சில் வைத்தான். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பழைய சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தான்கள் சரியாக விழவில்லை.

"அங்கிள், இவர ரொம்ப நடக்க விடக்கூடாது" என்றாள் விஷ்ணுப்ரியா. "சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும், பழசா புதுசான்னு. இப்பவே போகணும். யாராச்சும் தாங்கிப் பிடிச்சு வாசல் வரைக்கும்..."

நிறுத்திக்கொண்டாள். வெளியே போகிறவன் ஆட முடியாது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாஸ்டர் அந்தச் சட்டத்தை ஒரு நாளைக்குத் தளர்த்தலாம். அதை அவரிடம் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள். பெட்டியை மூடினாள். வாளியில் கையை விட்டுத் தன்னுடையதும் ரிஷியுடையதுமாக இரண்டு போன்களை எடுத்தாள்.

"நீ போனா திரும்ப வரமுடியாதும்மா."

"வரல அங்கிள்."

தம்புசாமி ரிஷியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரிஷிக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். சுகுமாறன் செருப்பைக் கொண்டுவந்து கால் பக்கத்தில் போட்டான். நிமிர முடியாமல் குனிந்தே நின்றான்.

"மச்சான், நான் கேட்டது இப்படி இல்லடா."

"தெரியும்" என்றான் ரிஷி. "அவங்க இடது மூலையில நிக்கிற தாடிக்காரன் சீக்கிரமா குனிஞ்சிருவான். காலக் காட்டு, குனிவான். மேல தாண்டு."

"சரி."

"காலையிலேர்ந்து பாத்து வச்சிருந்தேன்."

"சரிடா."

மாஸ்டர் பூட்டைத் திறந்தார். மண்டபத்தின் இரைச்சல் உள்ளே கொட்டியது. விஷ்ணுப்ரியா முதலில் தாண்டினாள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினாள். தம்புசாமி படிவரை வந்தான். அவன் பாதம் எலுமிச்சம்பழத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. அங்கிருந்து உடம்பை வளைத்து, பீங்கானைக் கைமாற்றுவதுபோல் ரிஷியை அவளிடம் கொடுத்தான்.

"நான் அந்த வார்த்தையச் சொல்லியே கேட்டிருக்கணும்" என்றாள் அவள்.

"கேட்டிருந்தாலும் கை தூக்கியிருக்க மாட்டேன் அக்கா."

விஷ்ணுப்ரியா போனில் கார் வரச்சொன்னாள். நடைபாதை நீளமாக இருந்தது. அதன் கடைசியில் வெயில் தெரிந்தது. இடது கால் தரையைத் தொட்டபோது வலி அதே இடத்தில் அதே மாதிரி கடித்தது. ரிஷி திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்திருந்தார். அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார். குனிந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடைபாதைக்குத் தள்ளினார். அது கால்கள் கிறீச்சிட நகர்ந்து வந்து ரிஷியின் முழங்காலில் முட்டி நின்றது.

"அதுல உக்காரு. காரு வர்ற வரைக்கும் நிக்காத" என்றார்.

கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. அதன் பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.